செங்கடலா, நன்னம்பிக்கை முனையா, கப்பல் முதுகிலா?

கேள்வி: ஐயா, இரண்டு வருடமாக மலேசியாவின் லங்காவித் தீவில் 41 அடி பாய்மரப் படகில்தான் எங்கள் குடித்தனம். நான், கணவர், 9 வயது மகள், 6 வயது மகன். அடுத்த சில வருடங்களைக் கிரேக்கத் தீவுகளில் கழிக்க ஆசை. மெரினாவில் (படகுகள் கட்டும் துறையில்) ஒருவர், "ஜனவரியில் கிளம்பினால் செங்கடல் வழியாக மே மாதம் மத்தியதரைக் கடலில் இருக்கலாம். நாலைந்து படகாகச் சேர்ந்து போனால் பயமில்லை, நானே கூட்டிப்போகிறேன்" என்று முன்பணம் கேட்கிறார். இன்னொருவர் ஆப்பிரிக்காவைச் சுற்றச் சொல்கிறார். மூன்றாமவர் படகைச் சரக்குக் கப்பலில் ஏற்றிவிடச் சொல்கிறார். எது கட்டுப்படியாகும்?

பதில்: அந்த முன்பணத்தை மட்டும் கட்டிவிடாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

காற்றை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் சொல்வதில் தப்பில்லை. டிசம்பர் முதல் மார்ச் வரை வாடைக்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். லங்காவியிலிருந்து இலங்கையின் காலித் துறைமுகம் ஏறக்குறைய 1,200 கடல் மைல், சொகுசான ஓட்டம். அங்கிருந்து மாலத்தீவு, ஜிபூட்டி, செங்கடல், சூயஸ் என்று மொத்தம் சுமார் 5,000 மைல். செங்கடலின் தெற்குப் பாதி வரைகூட அந்தக் காலத்தில் காற்று துணைக்கு வரும். வட அட்சரேகை 20 பாகையைத் தாண்டியதும் கதை மாறிவிடும். சூயஸ் வரை எதிர்காற்றுதான். முன்பெல்லாம் அது தணியும்வரை சூடான் கரையோரப் பவளப்பாறைகளுக்குப் பின்னால் ஒதுங்கி, அங்குள்ள சுவாகின் துறைமுகத்தில் தண்ணீரும் டீசலும் பிடித்துக்கொண்டு மேலே போவார்கள். 2023 ஏப்ரலிலிருந்து சூடானில் உள்நாட்டுப் போர். அதே வருடம் நவம்பரில் யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். பெரிய கண்டெய்னர் நிறுவனங்களே ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. அத்தனை பெரிய கப்பல்கள் ஒதுங்கிய வழியில், தொட்டிலோடு போகிற மாதிரி ஒரு குடும்பப் படகு போக வேண்டுமா?

2011 பிப்ரவரியில், மாலத்தீவைத் தாண்டிச் செங்கடலை நோக்கிப் போன ஒரு டென்மார்க் குடும்பத்தை, மூன்று பிள்ளைகளோடு, சோமாலியக் கடற்கொள்ளையர் பிடித்தார்கள். ஆறு மாதத்துக்கு மேல் கழித்துத்தான் விட்டார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. 'சேர்ந்து போனால் பயமில்லை' என்பவர் எதை வைத்து அப்படிச் சொல்கிறார் என்று கேட்கத்தான் சொல்கிறேன். அவரிடம் ஆயுதமும் இல்லை, கடற்படையும் இல்லை. ஏதாவது ஆனால் பணத்தைத் திருப்பித் தருவாரா என்று எழுதிக் கேளுங்கள். என்ன பதில் வருகிறது பார்ப்போம்.

உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடமும் ஒரு கேள்வி எழுத்தில் போக வேண்டும்: "இந்தத் தேதியில், இந்த வழியில், இந்த நான்கு பேரோடு போனால் பாலிசி செல்லுமா?" பாலிசியில் 'பயண எல்லை' என்று ஒரு பத்தி இருக்கும். யாரும் படிப்பதில்லை. போர் அபாயப் பட்டியலில் உள்ள கடல் என்றால், சாதாரண பாலிசியில் நஷ்டஈடு கிடையாது. வாழும் வீடும் மொத்தச் சேமிப்பும் அந்தப் படகுதானே?

சரி, ஆப்பிரிக்காவைச் சுற்றும் நன்னம்பிக்கை முனை வழி. நல்ல வழிதான், ஆனால் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். கேப் டவுனிலிருந்து வடக்கே திரும்பினால் நேரே கிரீஸ் என்று நினைக்கிறார்கள். அப்படிக் காற்று இல்லை. செயின்ட் ஹெலினா வழியாகக் கரீபியன் போய், மே மாதம் அங்கிருந்து அசோர்ஸ் தீவுகள், அப்புறம் ஜிப்ரால்டர் என்று அட்லாண்டிக்கை இரண்டு தடவை கடப்பதுதான் வழக்கம். கூட்டிப் பார்த்தால் சுமார் 15,000 மைல், செங்கடல் வழியைப் போல மூன்று மடங்கு. ஒரு வருடத்துக்குக் குறையாது.

கிளம்புவதும் ஜனவரியில் அல்ல. தெற்கு இந்தியப் பெருங்கடலில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். மே, ஜூனில் மலாக்கா நீரிணை வழியாக இறங்கி, சுந்தா நீரிணையைத் தாண்டி, கோகோஸ் தீவு. பிறகு ரோட்ரிக்ஸ், மொரீஷியஸ், ரீயூனியன். கோகோஸ் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தம், விசா முன்கூட்டியே எடுத்தாக வேண்டும். கோகோஸிலிருந்து ரோட்ரிக்ஸ் 2,000 மைல். இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். பின்காற்றுதான், ஆனால் தெற்கிலிருந்து வேறொரு அலை குறுக்கே வந்து உருட்டும். டம்ளரில் தேநீர் நிற்காது. பிள்ளைகளுக்கு அலைமயக்கம் எப்படி என்பதை அதற்கு முன்பே நான்கைந்து இரவுப் பயணங்களில் பார்த்துவிடுங்கள். மொரீஷியஸில் தமிழ்ப் பெயர்ப் பலகையும் கோயிலும் பார்க்கலாம். தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை விடும் நாடு அது. என்ன, நீங்கள் போகும் செப்டம்பரில் தைப்பூசம் வராது.

இந்த வழியில் என்னைக் கவலைப்பட வைப்பது ரீயூனியன் முதல் கேப் டவுன் வரையிலான பகுதி. ஆப்பிரிக்கக் கரையோரம் அகுல்லாஸ் நீரோட்டம் தென்மேற்கே ஆறு போல ஓடுகிறது. சில இடங்களில் மணிக்கு 4, 5 மைல். அதற்கு எதிரே தென்மேற்குக் காற்று அடித்தால் அலை சுவர் மாதிரி நிமிரும். நண்பர் ஒருவரின் படகில் ஆளாகப் போய், தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் 11 நாள் காத்துக்கிடந்தேன். தினமும் காலையில் பாரோமீட்டர் (காற்றழுத்தமானி) கண்ணாடியை நகத்தால் தட்டி முள்ளைப் பார்ப்பதுதான் வேலை. முள் இறங்கும்போது வடகிழக்குக் காற்று அருமையாக வீசும், கயிற்றை அவிழ்க்கக் கை பரபரக்கும். அப்போது கிளம்பினால் 250 மைலில் இருக்கும் ஈஸ்ட் லண்டனுக்குப் போய்ச் சேருமுன் தென்மேற்கு பிடித்துக்கொள்ளும். நடுவில் ஒதுங்க ஒரு துறைமுகம் கிடையாது. தென்மேற்கு அடித்து ஓய்ந்து, முள் மேலே ஏறிய பிறகே கிளம்ப வேண்டும். பக்கத்துப் படகுக்காரர் பிள்ளைகளின் விமான டிக்கெட் தேதிக்காக ஒரு நாள் முந்திக் கிளம்பினார். கிழிந்த பாயோடு திரும்பி வந்தார்.

என் யோசனை: அந்தப் பகுதிக்கு நீங்களும் பிள்ளைகளும் விமானத்தில் போய்விடுங்கள், கணவர் அனுபவமுள்ள இருவரை வைத்துப் படகைக் கொண்டுவரட்டும். பலர் செய்வதுதான், இதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

கப்பலில் ஏற்றுவதற்கு நீளத்தைப் பொறுத்து விலை சொல்வார்கள். மூன்று இடத்தில் கேளுங்கள். ஏற்றும் நாள் என்று ஒரு தேதி தரமாட்டார்கள், 'இன்ன தேதிக்கும் இன்ன தேதிக்கும் இடையில்' என்பார்கள். அது தள்ளிப்போனால் மெரினா வாடகை யார் தலையில் என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள். மேல்தளச் சரக்குக்கு உங்கள் பாலிசி செல்லுமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

இவை மூன்றும் இல்லாமல் நாலாவதாக ஒன்று உண்டு, அதுதான் எனக்குப் பிடித்தது. உங்களுக்கு வேண்டியது கிரேக்கத் தீவுகள். உலகைச் சுற்றுவது அல்ல. படகை லங்காவியில் விற்றுவிட்டுக் கிரீஸில் ஒன்று வாங்குங்கள். ஐரோப்பாவில் வாங்கும்போது மதிப்புக் கூட்டு வரி கட்டியதற்கு அசல் ஆதாரம் கேளுங்கள். மலேசியக் கடவுச்சீட்டுக்கு கிரீஸ் உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள்தான் என்பதால், எந்த வழியில் போனாலும் பாதி வருடம் துருக்கியிலோ வேறெங்கோ இருக்கத் திட்டம் வேண்டும்.

கேள்வி: நீண்ட கடற்பயணத்துக்கு மூன்றாவதாக ஒரு பெரியவர் படகில் இருந்தாக வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனம் சொல்கிறது. கணவன் மனைவி இருவர் போதாதா? இது நியாயமா?

பதில்: நியாயம்தான். பிள்ளைகள் உள்ள படகில் ஒருவர் எப்போதும் பிள்ளைகளோடுதான் இருப்பார். ஆக, இரவுக் காவலுக்கு ஒரே ஆள். இருந்தாலும் கேட்டுப் பாருங்கள், நீங்கள் இருவரும் ஓடிய மைல்களைப் பதிவேட்டோடு காட்டினால் சில நிறுவனங்கள் தளர்த்தும். தளர்த்தினால் போனில் சொன்னது போதாது, பாலிசியோடு இணைப்பாக வாங்குங்கள். ஆள் சேர்த்தால், அவர் ஊர் திரும்பும் டிக்கெட் பணத்தை முதலிலேயே வாங்கி வையுங்கள். பல நாடுகளில் அவரைத் திருப்பி அனுப்பும் பொறுப்பு படகுத் தலைவருடையது.

கேள்வி: பழைய உயிர்காப்பு மிதவை ஒன்று பாதி விலைக்கு வருகிறது. நான்கு பேருக்கானது. வாங்கலாமா?

பதில்: பெட்டி மூடியபடி வாங்காதீர்கள். அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் கூடத்தில் உங்கள் கண்முன் ஊதிக் காட்டச் சொல்லி, அந்தச் செலவை விற்பவரோடு பேசிக்கொள்ளுங்கள். ஒட்டுகளை விரலால் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பாக இருந்தால் பசை போய்விட்டது, எழுந்து வந்துவிடுங்கள்.