ஜிம்பில் வெள்ளைப் பின்னணியை அழித்த பிறகும் ஓரத்தில் வெள்ளை நிற்பது ஏன்?

பேப்பரில் வரைந்ததை ஸ்கேன் செய்து, ஜிம்ப் என்ற பட எடிட்டிங் மென்பொருளில் வெள்ளையை செலக்ட் செய்து அழித்தால், கோடுகளைச் சுற்றி வெள்ளை விளிம்பு மிஞ்சுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே இடத்தில் இரண்டு ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன்.

தங்கை கல்யாணப் பத்திரிகை வேலை அது. பாட்டி ஒரு நோட்டில் நீல பால்பாயிண்ட் பேனாவால் போட்டு வைத்திருந்த சிக்குக் கோலத்தை அரக்கு நிற அட்டையில் வைக்க ஆசைப்பட்டோம். முதலில் ஃபஸ்ஸி செலக்ட் கருவியால் வெள்ளையைத் தொட்டு அழித்தேன். வெளிப்பக்கம் போனது, ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் இருந்த வெள்ளை அப்படியே நின்றது. தொட்ட இடத்தோடு ஒட்டியிருப்பதை மட்டுமே அந்தக் கருவி எடுக்கும். ஒரே நிறம் எங்கிருந்தாலும் எடுக்கும் செலக்ட் பை கலரில் உள்ளே இருந்ததும் போய்விட்டது. ஆனால் அரக்கு நிறத்தின் மேல் வைத்ததும் கோடு முழுக்க வெள்ளைப் பொடி ஒட்டினாற்போல் இருந்தது.

கோட்டின் ஓரத்துப் பிக்சல்கள் (படத்தின் நுண்புள்ளிகள்) முழு நீலமும் இல்லை, முழு வெள்ளையும் இல்லை; இரண்டும் கலந்த வெளிர்நீலம். அவற்றை வைத்துக்கொண்டால் விளிம்பு தெரியும், எடுத்துவிட்டால் மெல்லிய கோடு அறுந்துபோகும். செலக்ட் கருவியின் த்ரெஷோல்டை (எவ்வளவு ஒத்த நிறம் வரை எடுக்கலாம் என்ற வரம்பை) எவ்வளவு மாற்றினாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். ஒவ்வொரு பிக்சலிலும் வெள்ளையின் பங்கை மட்டும் கழித்து, கழித்த அளவுக்கு அதை ஊடுதெரிய வைக்க வேண்டும். கலர்ஸ் மெனுவில் உள்ள 'கலர் டு ஆல்பா' செய்வது இதைத்தான். பேனா, பென்சில், கையெழுத்து, முத்திரை என்று பேப்பரில் மை பட்ட எதற்கும் நான் இப்போது செலக்ட் கருவியைத் தொடுவதே இல்லை.

ஆனால் நேராக அங்கே போகாதீர்கள். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் பேப்பர் ஸ்கேனில் சாம்பலாகவோ மஞ்சளாகவோதான் இருக்கும். முதலில் அதே மெனுவில் வெளிச்ச அளவைச் சரிசெய்யும் லெவல்ஸில் வெள்ளைக்கான பிக்கரை (நிறத்தைத் தொட்டெடுக்கும் கருவியை) எடுத்து பேப்பரின் மேல் ஒரு கிளிக். அப்புறம் கலர் டு ஆல்பாவில் வெள்ளையைக் கொடுங்கள். ஜிம்ப் 2.10 முதலான பதிப்புகளில் அங்கே இரண்டு த்ரெஷோல்டுகள் இருக்கும். டிரான்ஸ்பரன்சி த்ரெஷோல்டைச் சற்றுக் கூட்டினால் பேப்பரின் மங்கலான புள்ளிகள் மறையும். ஒப்பாசிட்டி த்ரெஷோல்டைக் குறைத்தால் மை அழுத்தமாக நிற்கும். கீழே ஒரு அடர்நிற லேயரை (படத்தின் அடுக்கை) வைத்துப் பார்த்துக்கொண்டே சரிசெய்யுங்கள். வெள்ளைத் திரையில் எந்தக் குறையும் தெரியாது.

அரக்கில் நீலம் எடுபடவில்லை. கோல லேயரின் 'லாக் ஆல்பா'வை (ஊடுதெரியும் அளவை மாறாமல் பூட்டுவது) அழுத்திவிட்டு முழு லேயரையும் தங்க நிறத்தால் நிரப்பினேன். ஊடுதெரியும் இடங்கள் அப்படியே இருக்க, கோடு மட்டும் தங்கமானது. பாட்டியின் பேனா அழுந்திய இடம், தயங்கிய இடம் எல்லாம் அதில் தெரிந்தது.

ஆள் இருக்கும் போட்டோவுக்கு இந்த வழி வேண்டாம். வெள்ளைச் சட்டை, கண்ணின் வெள்ளை எல்லாம் சேர்ந்து கரையும். அதற்கு லேயர் மாஸ்க் (லேயரை அழிக்காமல் மறைக்கும் திரை) போட்டுக் கறுப்புத் தூரிகையால் பொறுமையாக மறைப்பதுதான் சரி.

முடிந்ததும் அந்த அடர்நிற லேயரை மறைத்துவிட்டு, எக்ஸ்போர்ட்டில் பிஎன்ஜி ஆக எடுங்கள். சேவ் கொடுத்தால் ஜிம்பின் சொந்தக் கோப்பாகத்தான் சேமிக்கும். ஜேபெக்கில் ஊடுதெரிதலே கிடையாது. ஜிஃப்பில் முழுக்கத் தெரியும் அல்லது முழுக்க மறையும், நடுநிலை இல்லை. பிஎன்ஜியில் பொதுவாக 256 படிகள் உண்டு. அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். போட்டோவாகப் போனால் ஜேபெக்காக மாறி, பின்னணி திரும்ப வந்துவிடும்.