ஷார்ட் ஹோல்ல அப்படி என்னதான் இருக்கு? உங்க கேள்விகளும் என் பதில்களும்

கோல்ஃப் கோர்ஸ் டிசைன்ல ஷார்ட் ஹோல் பத்தி மட்டும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், கேள்வி குவிஞ்சிருச்சு. ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேர்த்துட்டேன். எனக்கு இந்த விஷயத்துல கொஞ்சம் பைத்தியம் உண்டு, அதனால சில பதில் நீண்டுகிட்டே போகும், சிலதுக்கு ரெண்டே வரிதான், கோச்சுக்காதீங்க.

கேள்வி: சார், பார் 3 எல்லாமே ஷார்ட் ஹோல்தானா, இல்ல அதுல தனி வகையா?

பதில்: பிரிட்டன்ல பார் 3, அதாவது மூணு அடியில முடிக்கணும்னு கணக்கு வெச்ச ஹோல், எல்லாத்தையுமே அப்படித்தான் சொல்லுவாங்க. ஹேண்டிகேப் (ஆட்டக்காரரோட திறமையை எண்ணுல சொல்ற கணக்கு) விதிப்படி ஆண்களுக்கு 260 யார்டு வரைக்கும், பெண்களுக்கு 220 வரைக்கும் பார் 3 வைக்கலாம், ஆனா 250 யார்டை ஷார்ட்டுன்னு சொன்னா அடிக்கிறவங்க சண்டைக்கு வருவாங்க. நான் இங்க பேசப்போறது பெரும்பாலும் 150க்கு உள்ள வர்றது, கையில வெட்ஜோ ஒன்பதாம் நம்பர் அயர்னோ, அதாவது கிட்டத்துக்கு அடிக்கிற கிளப் இருக்குற ஹோல் (அயர்ன்ல நம்பர் குறையக் குறைய பந்து தூரமா போகும்).

கேள்வி: 120 யார்டெல்லாம் ப்ரோவுக்கு கண்ணை மூடிட்டு அடிக்கிற தூரம். இதுல என்ன கஷ்டம்? போட்டோவுக்கு அழகா இருக்குன்னு சும்மா ஏத்தி விடுறாங்களோன்னு தோணுது.

பதில்: நல்ல சந்தேகம், நம்பர்லயே பாத்துருவோம். கொலம்பியா பல்கலைக்கழகத்துல இருக்குற மார்க் ப்ராடி, அமெரிக்காவோட ப்ரோ போட்டித்தொடரான பிஜிஏ டூர் டேட்டாவை வெச்சு ஒரு கணக்கு போட்டிருக்காரு. ஃபேர்வேல, அதாவது வெட்டின புல்தரையில, 120 யார்டு தள்ளி நின்னா ஒரு டூர் ப்ரோ ஹோலை முடிக்க சராசரியா 2.85 ஷாட் எடுக்குறாரு. அதே 120 யார்டு, ஆனா பார் 3 டீயிலிருந்து, அதாவது ஹோல் ஆரம்பிக்கிற இடத்துலேர்ந்துன்னா 2.99. யோசிச்சுப் பாருங்க, டீயில பந்தை குச்சி மேல வெச்சுக்கலாம், தரை சமமா இருக்கும், எல்லா வசதியும் இருந்தும் ஸ்கோர் கூடுது. ஏன்னா டிசைனர் தூரத்துல விட்டுக்கொடுத்ததை, குழி இருக்குற கிரீன்ல வட்டியோட வசூல் பண்றாரு, கிரீன் சின்னதா இருக்கும், பக்கமெல்லாம் சரியும், பங்கர்னு சொல்ற மணல்குழி ஆழமா இருக்கும்.

அது வெளிய தெரியுற காரணம். உள்ளுக்குள்ள இன்னொண்ணு இருக்கு. 450 யார்டு பார் 4ல போகி (பாரை விட ஒரு அடி கூட) போட்டா யாரும் வருத்தப்படுறதில்ல, ஹோல் அப்படின்னு போயிருவாங்க. 115 யார்டுல எல்லாரும் பர்டியை (பாரை விட ஒரு அடி கம்மி) எதிர்பார்த்துதான் டீக்கு வர்றாங்க, பார் போட்டாலே ஏதோ பறிகொடுத்த மாதிரி மூஞ்சி. கொடி கிரீன் ஓரத்துல, பங்கருக்கு மூணு கெஜம் தள்ளி இருக்கும், அங்க அடிக்கக் கூடாதுன்னு தெரியும், ஆனா கையில இருக்கறது வெட்ஜாச்சே, நடுவுல அடிச்சா கோழைத்தனமா தோணும். பெனால்ட்டி கிக் அடிக்கப் போறவனோட நிலைமைதான், போட்டா யாரும் பாராட்ட மாட்டாங்க, விட்டா ஊரே பேசும். அந்த எதிர்பார்ப்பைத்தான் நான் இந்த ஹோலோட முதல் பங்கர்னு சொல்வேன், மண்ணுல தோண்டுனதெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

கேள்வி: காத்து காத்துன்னு எல்லாரும் சொல்றாங்க, அவ்ளோ கிட்டத்துல காத்து என்ன பண்ணிடும்?

பதில்: கிட்டத்துல இருக்குறதாலதான் பண்ணுது. டூர் ப்ரோ அடிக்கிற பிட்சிங் வெட்ஜ் நிமிஷத்துக்கு 9000 சுத்துக்கு மேல பேக்ஸ்பின்னோட (பின்பக்கமா சுழல்றது) போகும், ஏறத்தாழ 30 யார்டு உயரம் போய் 50 டிகிரி சரிவுல இறங்கும். அவ்ளோ உயரத்துல, அவ்ளோ சுழற்சியோட போற பந்தை எதிர்க்காத்து பலூன் மாதிரி தூக்கிட்டு நிறுத்திரும். காத்து அடிக்குதேன்னு இன்னும் ஓங்கி அடிச்சீங்கன்னா ஸ்பின்னும் கூடுது, பந்து இன்னும் மேல ஏறி இன்னும் குறையுது. அதனாலதான் தெரிஞ்சவங்க ரெண்டு மூணு நம்பர் குறைஞ்ச, அதாவது தூரமா போற கிளப்பை எடுத்து மெதுவா, தாழ அடிப்பாங்க.

கலிஃபோர்னியா பெபிள் பீச் ஏழாவது ஹோல் சுமார் 107 யார்டுதான், அதுவும் இறக்கம், கிரீனுக்குப் பின்னாடி பசிபிக் கடல். 1992 யூஎஸ் ஓபன் கடைசி நாள் காத்து பேயாட்டம் ஆடுச்சு. டாம் கைட் அங்க ஆறாம் நம்பர் அயர்னை எடுத்தாரு, 107 யார்டுக்கு ஆறாம் நம்பர்! அப்பவும் கிரீன் இடது பக்கம் தவறிப்போச்சு, அங்கிருந்து சிப் பண்ணி நேரா குழிக்குள்ள போட்டு பர்டி, கடைசில கோப்பையும் அவருக்குத்தான். 107 யார்டுக்குள்ள இவ்ளோ கதை நடந்துருக்கு.

கேள்வி: அண்ணே, மூர்த்தி சிறுசு கீர்த்தி பெருசுன்னு சொல்லணும்னா எந்த ஹோலை சொல்வீங்க?

பதில்: ஸ்காட்லாந்துல ராயல் ட்ரூன் எட்டாவது, போஸ்டேஜ் ஸ்டாம்ப். யோசிக்கவே வேண்டாம். 120 சொச்சம் யார்டு, தி ஓபன் (பிரிட்டிஷ் ஓபன்) நடக்குற கோர்ஸ்கள்லயே இதுதான் சின்ன ஹோல். டீ மேட்டுல, கிரீன் ஒல்லியா நீளமா ஒரு மணல்மேட்டோட ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும், சுத்தி அஞ்சு பங்கர், அதுல இடது பக்கம் இருக்குறதுக்கு காஃபின் பங்கர்னே பேரு, அதாவது சவப்பெட்டி.

1950 ஓபன்ல ஹெர்மன் டிஸீஸ்னு ஒரு ஜெர்மன் அமெச்சூர் ஒரு பங்கர்லேர்ந்து இன்னொரு பங்கருக்கு மாறி மாறிப் போய் 15 எடுத்தாரு. 1973ல அதே ஹோல்ல ஜீன் சாரசன், வயசு 71, அஞ்சாம் நம்பர் அயர்ன்ல ஒரே அடியில உள்ள போட்டாரு. கதை அதோட முடியல, மறுநாள் பங்கர்ல விழுந்து, பங்கர்லேர்ந்தே குழிக்குள்ள போட்டு 2. ரெண்டு நாள்ல மூணே ஷாட்டு, பட்டரை (கிரீன்ல பந்தை உருட்டுற கிளப்) பையிலிருந்து எடுக்கவே இல்ல மனுஷன். 1997ல டைகர் வுட்ஸ், அப்ப உச்சத்துல இருந்தவரு, கடைசி ரவுண்டுல இங்க 6 போட்டாரு. 71 வயசுக்காரருக்கு 1, உலகத்துலயே தூரமா அடிக்கிறவங்கள்ல ஒருத்தருக்கு 6. வேற எந்த வகை ஹோல்ல இப்படி நடக்கும் சொல்லுங்க? நீளமான ஹோல்ல பலசாலிக்கு எப்பவுமே ஒரு முன்கூட்டிய சலுகை இருக்கு, இங்க அது செல்லாது.

கேள்வி: அப்படின்னா சாக்ராஸ் 17வது, ஐலண்ட் கிரீன், அதுதான் பெஸ்ட்டுன்னு சொல்வீங்கன்னு நெனச்சேன்?

பதில்: டிவில பாக்க பெஸ்ட்டு. டிசைனா எனக்கு அவ்ளோ புடிக்காது, அடிக்க வராதீங்க. ஃப்ளோரிடாவுல இருக்கு, 137 யார்டு, டிசைனர் பீட் டை கட்டினது. முதல்ல அவர் திட்டத்துல தீவெல்லாம் இல்ல, அந்த இடத்துல நல்ல மணல் இருந்துச்சுன்னு கோர்ஸ் மத்த பக்கத்துக்கெல்லாம் தோண்டித் தோண்டி எடுத்தாங்க, பெரிய பள்ளமாயிருச்சு, அப்ப அவர் மனைவி ஆலிஸ் டை, அவங்களும் டிசைனர்தான், தீவாவே விட்டுரலாமேன்னு யோசனை சொன்னாங்க. அந்த வரைக்கும் அருமையான கதை.

என் குறை என்னன்னா அங்க தப்புக்கு ஒரே தண்டனைதான், தண்ணி. ஒரு கெஜம் தவறினாலும் தண்ணி, முப்பது கெஜம் தவறினாலும் தண்ணி. ரெண்டாவது ஷாட்ல சமாளிக்கிற வித்தைக்கு இடமே இல்ல. போஸ்டேஜ் ஸ்டாம்ப்ல தவறினா பங்கர் இருக்கு, சரிவு இருக்கு, புல்லு இருக்கு, அங்கேர்ந்து பார் காப்பாத்தறவனும் உண்டு, 15 எடுக்கறவனும் உண்டு. எனக்கு அந்த வித்தியாசம்தான் வேணும்.

கேள்வி: அகஸ்டா 12ல தண்ணி இருக்கே, அதை மட்டும் எல்லாரும் கொண்டாடுறாங்க?

பதில்: அங்க தண்ணி முன்னாடி மட்டும்தான், அதுவும் கிரீன் கோணலா வெச்சிருக்காங்க பாருங்க, அதுலதான் மொத்த சூட்சுமமும். 155 யார்டு. கிரீனோட இடது பக்கம் டீக்கு கிட்ட, வலது பக்கம் தூரம். வலதுகைக்காரர் கொஞ்சம் சரியில்லாம அடிச்சு பந்து வலது பக்கம் போச்சுன்னா பெரும்பாலும் தூரமும் குறையும், அங்கதான் கூடுதல் தூரம் வேணும், அதனால ரேஸ் க்ரீக் ஓடைக்குள்ள போகும். இடது பக்கம் இழுத்துட்டா பந்து நீளமா போகும், அங்க கிரீன் கிட்டத்துலயே முடிஞ்சிரும், பின்னாடி பங்கர். ஆக மொத்தம் அவருக்கு இயல்பா வர்ற தப்பு எந்தப் பக்கம் சாயுதோ அதுக்கு நேர் எதிர் பக்கம் கிரீனை சாய்ச்சு வெச்சிருக்கு. இடதுகைக்காரருக்கு இதே கோணம் கொஞ்சம் ஒத்துவரும், அது வேற கதை. ஞாயித்துக்கிழமை கொடியை வலது ஓரத்துல வைப்பாங்க, மரங்களுக்கு நடுவுல காத்து வேற சுத்திச் சுத்தி வரும்.

இங்க நடக்குற மாஸ்டர்ஸ் போட்டியில 2016ல ஜோர்டன் ஸ்பீத் அஞ்சு ஷாட் முன்னிலையோட கடைசி ஒன்பது ஹோலுக்குள்ள வந்தவரு இங்க 7 போட்டாரு, பட்டம் போச்சு. 2019ல மொலினாரி தண்ணில போட்டாரு, அதே குழுவுல ஆடின டைகர் கிரீன் நடுவுல பத்திரமா வெச்சு ஜெயிச்சாரு. அதே டைகர் அடுத்த வருஷம் இதே ஹோல்ல 10! பங்கர் மூணு, ஓடை ஒண்ணு, ஒரு கோணல் கிரீன், அவ்ளோதான் செலவு.

கேள்வி: கிரீன் சின்னதா இருந்தாத்தான் நல்ல ஷார்ட் ஹோலா?

பதில்: கட்டாயம் இல்ல. அமெரிக்காவுல சி.பி. மெக்டொனால்ட் 1911ல திறந்த நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸ்ல ஆறாவது ஹோலுக்குப் பேரே ஷார்ட், அங்க கிரீன் ரொம்ப பெருசு, ஆனா உள்ள மேடும் பள்ளமுமா சின்னச் சின்ன அறையா பிரிஞ்சு கிடக்கும். தப்பான அறையில நின்னா கிரீன்லயே இருந்தும் மூணு பட். சராசரி ஆளு சந்தோஷமா கிரீனைத் தொடுவாரு, நல்ல ஆட்டக்காரர் சரியான அறையைத் தேடி வேர்த்துப் போவாரு. ரெண்டு வழியும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்ல.

கேள்வி: எனக்கென்னமோ 240 யார்டு பார் 3தான் உண்மையான டெஸ்ட்டுன்னு தோணுது. வெட்ஜ் அடிக்கறதெல்லாம் ஒரு டெஸ்ட்டா?

பதில்: ஒரு கோர்ஸ்ல ஒண்ணு இருக்கட்டும், நாலும் அப்படியே இருந்தா சலிப்பு. டிசைனர் அலிஸ்டர் மெக்கன்சி 1920லயே சொல்லிட்டாரு, 18 ஹோல்ல கொறஞ்சது நாலு ஒரே ஷாட் ஹோல் இருக்கணும்னு, அந்த நாலும் நாலு விதமா இருந்தாத்தான் அதுக்கு அர்த்தம். இப்ப பந்து தூரமா போகுதுன்னு எல்லா பார் 3யையும் 200க்கு மேல இழுத்துட்டாங்க, எல்லாத்துக்கும் அதே பெரிய கிளப்.

2023 யூஎஸ் ஓபன் லாஸ் ஏஞ்சலஸ் கன்ட்ரி கிளப்ல நடந்துச்சு, ஜார்ஜ் தாமஸ் டிசைன். அங்க 280க்கு மேல ரெண்டு பார் 3 இருந்துச்சு, அதே கோர்ஸ்ல 15வது ஹோல் சனிக்கிழமை வெறும் 81 யார்டு. அந்த வாரம் அந்த 15ல மட்டும் மூணு ஹோல் இன் ஒன், அதாவது ஒரே அடியில குழிக்குள்ள. நீளமா இருந்த ரெண்டையும் பத்தி யாராவது ஞாபகமா பேசுறாங்களா?

கேள்வி: ஹோல் இன் ஒன் வாய்ப்பு எவ்ளோ?

பதில்: சாதாரண ஆட்டக்காரருக்கு 12,500ல ஒண்ணு, ப்ரோவுக்கு 2,500ல ஒண்ணுன்னு வழக்கமா சொல்ற கணக்கு. ஹோல் சின்னதாக ஆக வாய்ப்பு கூடும்.

கேள்வி: சின்ன பார் 4க்கும் இதே லாஜிக்கா? ரிவியரா 10வது பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க ப்ரோ.

பதில்: லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கு, அதுவும் ஜார்ஜ் தாமஸ்தான், 315 யார்டு. இன்னைக்கு எல்லா ப்ரோவும் ஒரே அடியில எட்டிரலாம், ஆனா கிரீன் ஒல்லி, கோணல், சுத்தி பங்கர். அந்த கிரீனுக்கு ஒழுங்கான கோணம் ஃபேர்வேயோட இடது பக்கத்துலேர்ந்துதான், அதனால இடது பக்கம் கொஞ்சம் அடிச்சு வெட்ஜ்ல போறவனுக்கு வேலை சுலபம், நேரா கிரீனுக்கே அடிச்சவன் வலது பக்கம் மாட்டிக்கிட்டா கிரீனோட அகலமே கிடைக்காது. பார் 3ல எப்படி அடிக்கறதுன்னுதான் கேள்வி, இங்க முதல்ல அடிக்கலாமா வேணாமான்னே ஒரு கேள்வி. இதைப் பத்தி தனியா ஒருநாள் பேசணும், இங்க அடங்காது.

கேள்வி: எங்க அம்மா வயசானப்புறம் கோல்ஃப் ஆரம்பிச்சாங்க, 100 யார்டு கேரி பண்றதே (பந்தை தரையில படாம அவ்ளோ தூரம் அடிக்கிறது) கஷ்டம். நீங்க சொல்ற ஹோல்கள் அவங்களுக்கும் நல்லதா?

பதில்: அவங்களுக்குத்தான் ரொம்ப நல்லது, முன்னாடி டீ சரியா இருந்தா. 18 ஹோல்ல அவங்களும் நீங்களும் ஒரே ஷாட்ல கிரீனைத் தொட முடியுற இடம் இதுதான். ஒரே ஒரு நிபந்தனை, முன்னாடி தரையோட உருட்டி ஏத்த ஒரு வழி இருக்கணும், முழுக்க தண்ணியோ பங்கரோ இருந்தா அவங்களுக்கு அது ஆட்டம் இல்ல, தண்டனை. அமெரிக்காவுல பைன்ஹர்ஸ்ட்ல டிசைனர் கில் ஹான்ஸ் 2017ல கட்டின த கிரேடில் ஒன்பது ஹோலும் சேர்த்து 789 யார்டுதான், புதுசா ஆட வர்றவங்களுக்கு அந்த மாதிரி கோர்ஸ்தான் சரியான வாசல்.

கேள்வி: நான் எங்க கிளப் கமிட்டில இருக்கேன். 170 யார்டு சப்பையான பார் 3 ஒண்ணை 115 ஆக்கலாம்னு பேச்சு. எதை கவனிக்கணும்?

பதில்: கிரீனைப் பத்தி எல்லாரும் பேசுவாங்க, நீங்க டீயைப் பாருங்க. பார் 3ல எல்லாரும் அயர்ன்லதான் அடிப்பாங்க, ஒவ்வொரு அடிக்கும் புல்லு பேந்து போகும். வருஷத்துக்கு 1000 ரவுண்டுக்கு 200 சதுர அடி டீ வேணும்னு ஒரு பொதுக்கணக்கு உண்டு, பார் 4, 5க்கெல்லாம் அதுல பாதி போதும். டீ சின்னதா கட்டிட்டா ரெண்டே சீசன்ல வெறும் மண்ணு. கிரீன்லயும் பந்து செங்குத்தா விழுந்து குழி குழியா ஆகும், அதனால கொடி வைக்கிற இடம் நெறய கெடைக்கிற மாதிரி பாத்துக்கோங்க, ரொம்ப சின்ன கிரீன் நெறய பேர் ஆடுற கிளப்புக்கு தாங்காது.

அப்புறம் திசை. உங்க மத்த பார் 3 எல்லாம் எந்தப் பக்கம் பாக்குதோ அதுக்கு மாறான பக்கம் இதைத் திருப்ப முடியுதான்னு பாருங்க, காத்தே இலவசமா பாதி வேலையை செஞ்சிரும். பங்கரை எண்ணிக்கைக்கு போடாதீங்க, ஆழமா ஒண்ணு சரியான இடத்துல இருந்தா அலங்காரமா இருக்குற ஆறு பங்கரை விட மேல். டிசைனர் தண்ணி வைக்கலாம்னு ஆரம்பிச்சா காரணம் கேளுங்க.

கேள்வி: கடைசியா, நான் 18 ஹேண்டிகேப். 120 யார்டு, கொடி வலது ஓரத்துல பங்கருக்குப் பின்னாடி. என்ன பண்ண?

பதில்: கொடியை மறந்துருங்க. கிரீன் நடுவு வரைக்கும் எத்தனை யார்டோ அதுக்கு ஒரு கிளப் கூட (ஒரு நம்பர் குறைஞ்சது) எடுத்துக்கோங்க, முக்கால் ஸ்விங். உங்க ஹேண்டிகேப்ல ஷார்ட் ஹோல்ல நடக்குற தப்பு முக்காவாசி குறைவா விழறதுதான், நல்லா அடிச்சா போற தூரத்தை வெச்சு கிளப் எடுக்கறீங்க, ஆனா நல்லா அடிக்கறது எப்பவாவதுதான். டீ பாக்ஸ்ல மரம் மறைச்சிருக்கும், அங்க காத்து தெரியாது, கிரீன் பக்கத்துல கொடி எப்படி ஆடுதுன்னு பாருங்க. குச்சி மேல பந்தை வெச்சே அடிங்க, அயர்ன்னாலும் சரி, கெத்துக்காக புல்லு மேல போடாதீங்க.