டைவிங் தெரியாதவர்கள் பாலியின் துலாம்பென் கப்பலைப் பார்க்க முடியுமா?

நீச்சல் மட்டும் தெரியும், டைவிங் சான்றிதழ் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் பார்க்கலாம்.

துலாம்பென் கரையோரம் கடலுக்குள் மூழ்கிக் கிடக்கும் இது, யுஎஸ்ஏடி லிபர்ட்டி என்ற அமெரிக்க ராணுவச் சரக்குக் கப்பல். 1942 ஜனவரியில், பாலிக்குக் கிழக்கே உள்ள லொம்போக் நீரிணை அருகே ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் ஏவிய டார்பிடோ இதைத் தாக்கியது. இழுத்துச் செல்லும் வழியில் தண்ணீர் ஏறவே, துலாம்பென் கரையில் தட்டவிட்டார்கள். இருபது வருஷத்துக்கும் மேலாகக் கரையிலேயே கிடந்தது. 1963இல் அகுங் எரிமலை வெடித்தபோதுதான் கடலுக்குள் சரிந்தது. அதனால்தான் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. படகே வேண்டாம், கரையிலிருந்து சில நிமிட நீச்சல்தான்.

மேல் பகுதி சுமார் 5 மீட்டர் ஆழத்தில், அடிப்பகுதி 30 மீட்டருக்குக் கிட்ட. தண்ணீர் தெளிவாக இருந்தால், மிதந்தபடியே பவளம் அப்பிய இரும்புச் சட்டங்களும் அவற்றுக்கிடையே நுழைந்து போகும் மீன்களும் தெரியும். ஆனால் கப்பலின் பெரும்பகுதி உங்களுக்குக் கீழே மங்கலாகத்தான் இருக்கும். முடிந்தால் பயிற்சியாளரோடு அறிமுக டைவ் செய்யுங்கள். அதில் 12 மீட்டர் வரை இறங்கலாம், அனுபவமே வேறு.

எல்லோரும் கடலை நினைத்துப் பயப்படுகிறார்கள், காலை வாருவது கரைதான். மணலே கிடையாது, முழுக்க உருண்டைக் கருங்கற்கள். அலை திரும்பும்போது காலடியில் உருளும். ரப்பர் காலணி கட்டாயம். காலில் மாட்டும் நீச்சல் துடுப்பை இடுப்பளவுத் தண்ணீருக்குப் போய் மாட்டுங்கள்.

விடியற்காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் தெற்குப் பாலியிலிருந்து வரும் கூட்டம் நிறைந்துவிடும். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள், தனியாகப் போகாதீர்கள்.