வீட்டுப் பழமரங்களுக்கு எந்த பேட்டரி ஸ்பிரேயர்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மொட்டை மாடியில் எலுமிச்சை, கொய்யா, மாதுளை என ஏழெட்டுத் தொட்டிகள் வைத்திருக்கிறேன். 2 லிட்டர் கைத்தெளிப்பான் போதுமா? (மதுரை வாசகி)

அளவு போதும், இரண்டு முறை நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் பிடிக்குக் கீழேயே டேங்க் இருக்கும் மாடலில் ஒரு சிக்கல் உண்டு. மாவுப்பூச்சியும் அசுவினியும் பெரும்பாலும் இலையின் அடியில்தான் ஒட்டியிருக்கும். கொய்யா இலை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள், நடு நரம்பை ஒட்டி வெள்ளை வெள்ளையாகத் தெரியும். அங்கே அடிக்கத் தெளிப்பானை மேல் நோக்கிச் சாய்த்தால், உள்ளே இருக்கும் குழாய் மருந்தை விட்டுவிட்டுக் காற்றை இழுக்கும். விட்டுவிட்டுத்தான் பீய்ச்சும்.

அதனால் என் தேர்வு, தோளில் மாட்டும் 5 லிட்டர் டேங்க், ஒரு ஹோஸ், நுனி வளைந்த லான்ஸ் (கையில் பிடித்து அடிக்கும் நீளக் குழாய்) உள்ள வகைதான். கையில் லான்ஸ் மட்டும் இருப்பதால் மணிக்கட்டும் வலிக்காது. 2 லிட்டரே வேண்டும் என்றால், நாசில் (மருந்து பீய்ச்சும் முனை) மேல்நோக்கித் திரும்புகிறதா, உள்குழாயின் நுனியில் எடை வைத்த வடிகட்டி இருக்கிறதா என்று கடையிலேயே தண்ணீர் ஊற்றிப் பார்த்து வாங்குங்கள்.

வீட்டு மாமரம் 15 அடி இருக்கும். கைத்தெளிப்பான் எட்டுமா?

எட்டாது. பனிபோல அடிக்கும் நாசிலில் துளிகள் சில அடி போவதற்குள் காற்றில் கலைந்துவிடும். நீளமாகப் பீய்ச்சும்படி திருகினால் உயரம் கிடைக்கும், ஆனால் இலை சீராக நனையாது. நீட்டி மடக்கும் லான்ஸுடன் 12 வோல்ட் முதுகுத் தெளிப்பான்தான் இதற்குச் சரி. 16 லிட்டர் நிரப்பினால் தண்ணீரே 16 கிலோ. வயதானவர்கள் பாதி மட்டும் நிரப்பிக்கொள்ளுங்கள். அறுவடை முடிந்ததும் கவாத்து செய்து மரத்தை 10 அடிக்குள் வைத்துக்கொண்டால் எல்லா வேலையும் எளிது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பூ விரிந்திருக்கும்போது பூச்சிமருந்து அடிக்காதீர்கள். மாம்பூவில் மகரந்தச் சேர்க்கை செய்வது ஈக்களும் தேனீக்களும்தான். தத்துப்பூச்சிக்கு அடிப்பதானால் பூங்கொத்து தலைகாட்டும்போதே, மொட்டுகள் விரியும் முன் அடித்துவிட வேண்டும். அண்ணாந்து அடிக்கும்போது கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்.

பேட்டரி அளவை ஒன்றில் 4000 எம்ஏஎச் (mAh) என்கிறார்கள், இன்னொன்றில் 8 ஏஎச் (Ah) என்கிறார்கள். எதை நம்புவது?

1000 எம்ஏஎச் என்பது 1 ஏஎச். ஏஎச்சை வோல்ட்டால் பெருக்குங்கள், பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்பது வாட்-மணியில் வரும். 12 வோல்ட், 8 ஏஎச் என்றால் 96 வாட்-மணி. 3.7 வோல்ட், 4000 எம்ஏஎச் (அதாவது 4 ஏஎச்) என்றால் 14.8 வாட்-மணிதான். தொட்டிச் செடிகளுக்கு அந்தச் சின்ன பேட்டரியே தாராளம். நான் பேட்டரியைவிட அதிகம் பார்ப்பது வாஷர், நாசில், ட்ரிகர் எல்லாம் உங்கள் ஊர்க் கடையில் தனியாகக் கிடைக்கிறதா என்பதைத்தான். லித்தியம் பேட்டரியைப் பல மாதம் சும்மா வைப்பதானால் பாதி சார்ஜில், வெயில் படாமல் வையுங்கள். ஈய பேட்டரி அப்படியில்லை, அதை முழு சார்ஜில் வைத்து மாதம் ஒருமுறை மறுபடி சார்ஜ் போட வேண்டும்.

வேப்பெண்ணெய் அடித்தாலே நாசில் அடைத்துக்கொள்கிறது.

பெரும்பாலும் கலக்கும் முறையில்தான் கோளாறு. எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றினால் மேலே மிதக்கும். முதலில் வரும் கலவையில் எண்ணெயே இருக்காது, கடைசியில் வருவது வெறும் எண்ணெயாக வந்து இலையைக் கருக்கும். லிட்டருக்கு 5 முதல் 10 மில்லி வேப்பெண்ணெய் எடுத்து, அதில் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலை விட்டு நன்றாகக் கலக்குங்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேருங்கள். பால்போல வெளுத்து வர வேண்டும். மெல்லிய துணியில் வடிகட்டி, மாலையில் அடித்து, அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். முடிந்ததும் சோப்புத் தண்ணீரையும் நல்ல தண்ணீரையும் ஊற்றி ஓரிரு நிமிடம் ஓடவிட வேண்டும். பஞ்சகவ்யாவுக்கு வடிகட்டுவது இன்னும் முக்கியம். அடைத்த நாசிலை ஊசியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். பழைய டூத்பிரஷ் போதும். வாயால் ஊதவே கூடாது.

களைக்கொல்லிக்கும் இதையே பயன்படுத்தலாமா?

கூடாது. எத்தனை முறை கழுவினாலும் குழாயில் மிச்சம் தங்கலாம். அதற்கென்று தனியாக ஒன்று வையுங்கள்.

பப்பாளி முழுக்க மாவுப்பூச்சி. எந்த மருந்து, எந்த ஸ்பிரேயர்?

மருந்துக்கு அவசரப்படாதீர்கள். இந்தப் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் 2008-இல் கோவையில்தான் முதலில் தென்பட்டது. அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தது 2010-இல் வரவழைத்து விடப்பட்ட அசரோபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய குளவி. கடும் பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். நாசிலை வேகமாகப் பீய்ச்சும்படி திருகி, வெறும் தண்ணீரால் இலையடியையும் காம்பையும் அடித்துக் கழுவுங்கள். மிக மோசமான இலைகளை வெட்டி அகற்றுங்கள். மாவுப்பூச்சிகள் சில உப்பி, பழுப்பாகிக் கூடுபோல நிற்பதைக் கண்டால் உள்ளே குளவி வளர்கிறது என்று அர்த்தம். அந்த இலைகளை மரத்திலேயே விட்டுவிடுங்கள், தண்ணீரும் அடிக்க வேண்டாம்.