அக்காவின் சிறுநீரகத்துக்கும் மருந்து வேண்டுமா?

கேள்வி: என் கணவருக்குச் சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சிறுநீரகம் தந்தவர் அவருடைய சொந்த அக்கா. பரிசோதனை அறிக்கைகள் எல்லாம் நன்றாகவே வருகின்றன. "அக்காவின் உறுப்பு எனக்கு அந்நியமா? ஏன் இன்னும் இத்தனை குளிசை?" என்று அவர் கேட்கிறார். எதிர்ப்புச் சக்தி கூடட்டும் என்று மாமி சீந்தில் கசாயம் காய்ச்சிக் கொடுக்க விரும்புகிறார். கொடுக்கலாமா?
— வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: உடலைக் காக்கும் வெள்ளை அணுக்களுக்கு அக்கா, தம்பி என்ற உறவுமுறை தெரியாது. ஒவ்வோர் உயிரணுவின் மேற்பரப்பிலும் உள்ள புரத அடையாளங்களைத்தான் அவை பார்க்கின்றன; அடையாளம் வேறானால் அந்நியம் என்று தாக்குகின்றன. அந்த அடையாளங்களில் பாதி தந்தையிடமிருந்தும் பாதி தாயிடமிருந்தும் வருவதால், உடன்பிறந்த இருவருக்கு அவை முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். அப்படிப் பொருந்தினாலும் சிறு வேறுபாடுகள் எஞ்சியிருக்கும். 1954 டிசம்பர் 23 அன்று பொஸ்டன் நகரில் ஜோசப் மரே குழுவினர் மாற்றிய சிறுநீரகம், இத்தாக்குதலைத் தடுக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இத்தகைய மருந்துகள் இல்லாமலேயே நிலைத்தது. கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் என்பதே அதற்குக் காரணம். உங்கள் கணவருக்கு அந்த வசதி இல்லை.

அறிக்கைகள் நன்றாக வருவதே குளிசைகள் தம் வேலையைச் செய்வதனால்தான். அவற்றை நிறுத்தினால் மறுநாளே வலியோ வீக்கமோ வராது என்பதுதான் இதிலுள்ள பெரிய ஆபத்து. உறுப்பு நிராகரிப்பு, அதாவது மாற்றிய உறுப்பை உடலே தாக்குவது, பெரும்பாலும் ஓசையின்றித் தொடங்கும். இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு உயர்ந்து நமக்குத் தெரியவரும் வேளையில் சிறுநீரகத்தின் ஒரு பகுதி ஏற்கனவே பழுதாகியிருக்கலாம்.

பெரும்பாலானோருக்கு டக்ரோலிமஸ், மைக்கோபெனோலேட், பிரெட்னிசொலோன் ஆகிய மூன்றும் சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன. இவற்றுள் டக்ரோலிமஸ் மிகக் கண்டிப்பானது: இரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் நிராகரிப்பு வரும், கூடினால் கைநடுக்கமும் நீரிழிவும் வருவதோடு காப்பாற்ற வேண்டிய அதே சிறுநீரகமே கெடும். அதனால்தான் அடுத்த வேளைக் குளிசைக்குச் சற்று முன், அதாவது முந்திய வேளையிலிருந்து ஏறத்தாழ 12 மணி நேரம் கழித்து, இரத்தம் எடுத்து அளவு பார்க்கிறார்கள். திருகோணமலையிலிருந்து இரவுப் புகையிரதத்தில் கொழும்புக் கிளினிக்குக்குச் செல்வோர் பலர், நேரம் தவறக்கூடாதே என்ற நல்லெண்ணத்தில் காலைக் குளிசையை வழியிலேயே விழுங்கிவிட்டு இரத்தம் கொடுக்கிறார்கள். அளவு பொய்யாகக் கூடித் தெரியும். அதை நம்பி மருத்துவர் மருந்தைக் குறைத்தால் விளைவை நோயாளிதான் சுமக்க வேண்டும். கிளினிக் நாளில் குளிசை கைப்பையில் இருக்கட்டும், இரத்தம் கொடுத்த பின் போடட்டும். வழமையான நிறுவனத்தின் டக்ரோலிமஸ் மருந்தகத்தில் கிடைக்காமல் வேறொன்று தரப்பட்டால், மருத்துவருக்கு அறிவித்து மீண்டும் அளவு பார்க்க வேண்டும். ஒரு வேளை தவறிவிட்டது என்பதற்காக அடுத்த வேளையில் இரட்டிப்பாகப் போடக்கூடாது.

மாமியின் அக்கறை புரிகிறது. ஆனால் கசாயம் வேண்டாம். மருத்துவர்கள் அடக்கி வைத்திருக்கும் அந்த எதிர்ப்புச் சக்தியையே தூண்டிவிடுவதற்காகத்தான் சீந்தில் குடிக்கப்படுகிறது. கிரேப்ஃபுரூட்டும் அதன் இனமான பம்பளிமாசும் டக்ரோலிமஸின் அளவைக் கூட்டக்கூடியவை என்பதால் அவற்றையும் தவிர்க்கவும். தோலில் வரும் பூஞ்சைக்குக் கொடுக்கப்படும் புளுகொனசோல் குளிசையும் அவ்வாறே கூட்டும். காசநோய்க்கான ரிபாம்பிசின் அதை வெகுவாகக் குறைத்துவிடும். மூட்டுவலிக்கு டைக்ளோபினாக், இபுபுரோபன் ஆகியவற்றைத் தாமாக வாங்கிப் போடக்கூடாது.

கணவர் வயலுக்குப் போகிறவரா என்று நீங்கள் எழுதவில்லை. மழைக்காலத்தில் தம்பலகாமம் போன்ற வயல்வெளிகளில் சேற்றில் இறங்குபவராயின் நீண்ட சப்பாத்து அணிவதும் காயங்களை மூடுவதும் அவசியம், ஏனெனில் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும், மெலியோய்டோசிஸ் என்ற தொற்றுநோயைத் தரும் கிருமி இலங்கையில் உண்டு, எதிர்ப்புச் சக்தி அடக்கப்பட்டவரை அது கடுமையாகத் தாக்கும். காய்ச்சல் கண்டால் பரசிட்டமோல் போட்டுக்கொண்டு வீட்டில் காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவும்.

கேள்வி: என் வாப்பாவுக்கு ஏழு மாதங்களுக்கு முன் சிறுநீரகம் மாற்றப்பட்டது. வரும் ரமழானில் நோன்பு பிடிக்கலாமா?
— வாசகர், கிண்ணியா

பதில்: மாற்றுச் சிகிச்சைக்குப் பிந்திய முதலாண்டில் நோன்பு வேண்டாம் என்பதே பொதுவான மருத்துவ ஆலோசனை. பின்னரும், சிறுநீரகம் சீராக இயங்குபவர் மட்டுமே தம் மருத்துவரின் அனுமதியுடன் முயலலாம். ஸஹரிலிருந்து இப்தார் வரை 13 மணி நேரத்துக்கும் மேலாக ஆவதால் 12 மணி இடைவெளி பிசகும்; குளிசை நேரங்களை மாற்றியமைப்பது மருத்துவரின் பொறுப்பு. அதைவிட எனக்குக் கவலை தருவது நம் ஊர் வெயிலில் தண்ணீரின்றி இருப்பதுதான், ஏனெனில் ஒற்றைச் சிறுநீரகத்துக்கு நீர்வற்றல் ஆகாது. மார்க்கம் நோயாளிக்குத் தந்துள்ள சலுகை பற்றி உங்கள் ஊர் மௌலவியிடம் வாப்பாவையும் அழைத்துக்கொண்டே பேசுங்கள். பிள்ளை சொன்னால் கேட்காதவர்கள் அவர் சொன்னால் கேட்பதைக் கண்டிருக்கிறேன்.