அம்மாவுக்கு இருந்த நேரம் எனக்கு ஏன் இல்லை, டாக்டர்?

கேள்வி: எனக்கு 41 வயது. தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். கணவர் குவைத்தில். வீட்டில் பிளஸ் ஒன் படிக்கும் மகன், எட்டாம் வகுப்பு மகள், சர்க்கரையும் பிரஷரும் உள்ள மாமியார். காலை 4.45க்கு எழுந்து சமைத்து, துவைத்து, 8.45 பஸ்ஸைப் பிடிக்கிறேன். கடை 9.30 முதல் 7.30 வரை. வீடு வந்து வேலை முடித்த பிறகும் கடையின் வாட்ஸ்ஆப் குழுவில் அன்றைய கணக்கை அனுப்ப வேண்டும். 11 மணிக்குக் கணவர் அழைப்பார். படுக்க 12 ஆகிவிடும். மூன்று மாதமாக நெஞ்சு படபடக்கிறது. ஞாயிறு மாலையானால் தலைவலி. பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறேன். இது மறதி நோயா? என் அம்மா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டி, மாடு வளர்த்து, ஐந்து பிள்ளைகளை ஆளாக்கினார். அவருக்குத் திண்ணையில் உட்கார்ந்து பேச நேரம் இருந்தது. மிக்ஸியும் வாஷிங் மெஷினும் இருந்தும் எனக்கு இல்லை. தூக்க மாத்திரையோ சத்து டானிக்கோ எழுதித் தாருங்கள்.
— பெயர் வேண்டாம், தக்கலை

பதில்: பால் பொங்கி வழிந்ததை வைத்து 41 வயதில் மறதி நோய் என்று நான் சொல்ல மாட்டேன். பாலை அடுப்பில் வைத்த அந்த நொடியில் உங்கள் மனம் மகனின் கட்டணத் தேதியிலோ மாமியாரின் மாத்திரையிலோ இருந்திருக்கும். வைத்ததே மனதில் பதியவில்லை. பதியாததை எப்படி நினைவில் கொண்டுவருவது? ஐந்து மணி நேரம்கூடத் தூங்காத மூளை இதைத்தான் செய்யும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். கணக்கு உங்கள் தொழில், தவறு இருந்தால் திருத்துங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். சாப்பாட்டு இடைவேளை அரை மணி போகக் கடைக்கு 57. பஸ்ஸுக்கு 9. வீட்டு வேலைக்குக் காலையில் மூன்றரை, இரவில் ஒன்றரை என நாளுக்கு ஐந்து மணி வைத்தால் 35. கூட்டினால் 101. ஏழு மணி நேரத் தூக்கத்துக்கு 49 ஒதுக்குங்கள். மிச்சம் 18, அதாவது நாளுக்கு இரண்டரை மணி நேரம். குளிப்பது, சாப்பிடுவது, மகளின் வீட்டுப்பாடம், கடைக்கணக்கு, சுய உதவிக்குழுக் கூட்டம், கல்யாணம், அடியந்திரம், கணவரின் அழைப்பு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். அடங்காது. அதனால்தான் தூக்கத்திலிருந்து வெட்டி எடுக்கிறீர்கள். நேரத்தை நிர்வகிப்பது எப்படி என்று மேடையில் பேசுகிறவர்களிடம் இந்தக் காகிதத்தை நீட்டிப் பார்க்க எனக்கு ஆசை. அதிகாலையில் எழுங்கள் என்பார்கள். நீங்கள்தான் 4.45க்கே எழுந்துவிடுகிறீர்களே!

வீட்டு வேலைக்கு நான் வைத்த ஐந்து மணி மிகையில்லை. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்று வந்தது. ஐந்து மணிக்கு ஒரே ஒரு நிமிடம் குறைவு. அதே வேலையைச் செய்யும் ஆண்களுக்கு 97 நிமிடம்; அதிலும் அப்படிச் செய்யும் ஆண்கள் நால்வரில் ஒருவர்தான்.

இனி அம்மா விஷயம். பால் வெட்டு விடியும் முன்னே தொடங்கும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். பாலை எடுத்து, உறையவைத்து, ஷீட் அடித்துத் தொங்கவிட்டால் மதியத்தோடு அந்த வேலை முடிந்தது. மழை பெய்து பட்டை நனைந்தால் வெட்டு இல்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கோ ஜூன் மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. மரம் இலை உதிர்த்துத் தளிர்க்கும் மாதங்களிலும் கத்திக்கு ஓய்வு. அந்த நாள்களில் கூலியும் கிடையாது, அதை மறந்துவிட்டு அந்தக் காலத்தைக் கொண்டாட வேண்டாம். ஆனால் வேலைக்கு ஒரு முடிவு இருந்தது. இரவு பத்து மணிக்கு எந்த ரப்பர் மரமும் அம்மாவுக்குச் செய்தி அனுப்பவில்லை. இன்னொன்று, அம்மா ஐந்து பிள்ளைகளைத் தனியாக வளர்த்திருக்க மாட்டார். பெரியம்மா, சித்தி, மைனி, பக்கத்து வீட்டுப் பாட்டி என்று நாலு இடுப்புகள் மாறித்தான் நீங்கள் வளர்ந்திருப்பீர்கள். மற்றபடி, அவருக்கு அலுப்பு இருந்ததா என்று அவரிடமே கேளுங்கள். அந்த வயதுப் பெண்களின் முழங்கால்களை நான் தினமும் பார்க்கிறேன்.

அந்த நாலு இடுப்புகளும் எங்கே போயின? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழகத்தில் முதலிடம் நம் மாவட்டம். படித்தோம், படிப்புக்கேற்ற வேலை இங்கே அத்தனை பேருக்கு இல்லை. ஒருவர் சென்னை, ஒருவர் திருவனந்தபுரம், ஒருவர் வளைகுடா என்று பிரிந்தார்கள். பணம் வந்தது, வீடு பெரிதானது. நாலு பேர் பார்த்த வேலை, தங்கிவிட்ட ஒருத்தியின் தலையில் விழுந்தது. அந்தப் பெரிய வீட்டின் டைல்ஸைத் துடைப்பதும் அவள்தான்.

இயந்திரங்கள் நேரத்தை மிச்சப்படுத்தும் என்றார்கள். கெய்ன்ஸ் என்ற பிரிட்டன் பொருளாதார அறிஞர் 1930இல், நூறாண்டுக்குள் வாரம் 15 மணி நேரம் உழைத்தால் போதும் என்று கணித்தார். என்ன நடந்தது? அம்மா வாரம் இரண்டு முறை வாய்க்காலுக்குத் துணி எடுத்துப் போயிருப்பார். உங்கள் மெஷின் தினமும் ஓடுகிறது, ஒருமுறை போட்ட சட்டையை மகன் மறுநாள் போடுவதில்லை. போதாததற்கு, கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவர் செய்த வேலையெல்லாம் நம் கைக்கு வந்துவிட்டது. மின் கட்டணம், வங்கி, ரயில் டிக்கெட், பள்ளி விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் நாமே குமாஸ்தா. ஓடிபி வராமல் அரை மணி போனால் அதை யார் கணக்கில் எழுதுவது?

பணம் குறைந்த இடத்திலும் நேரமே கரைகிறது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த பஸ்ஸுக்காகக் காத்து இரண்டு வண்டிகளை விட்டுவிடும் பெண்களை நிறுத்தத்தில் பார்த்திருக்கிறேன். அவர்கள் மிச்சம் பிடிப்பது மகளின் டியூஷன் கட்டணம்.

ஒரு தலைமுறைக்கு முன் வசதியின் அடையாளம் சாய்வுநாற்காலி. இப்போது ‘நேரமே இல்லை’ என்பதுதான் கௌரவம். ஓய்வுபெற்று எட்டு ஆண்டான ஆசிரியர் ஒருவர்கூட என் அறைக்குள் நுழையும்போதே அதைச் சொல்லிக்கொண்டுதான் வருகிறார். உங்கள் நேரமின்மை அந்த ரகம் இல்லை.

உடலுக்கு வருவோம். படபடப்பை மனச்சோர்வு என்று நானாகவே முடிவுகட்ட மாட்டேன். முதல் சந்தேகம் இரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. உங்கள் வயதில் மாதவிடாய் இரத்தப்போக்கு கூடுவதும் உண்டு. கூடியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்தது தைராய்டு. இவற்றோடு சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்து, ஒரு இசிஜியும் எடுத்துவிடலாம். நெஞ்சுவலி, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல், மயக்கம் இவற்றில் எது வந்தாலும் என் பதிலுக்குக் காத்திராமல் 108ஐ அழையுங்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் பேசலாம்.

தூக்க மாத்திரை எழுத மாட்டேன். உங்களுக்குத் தூக்கம் வராமல் இல்லை, தூங்க விடவில்லை. அதற்கு மாத்திரை கொடுத்தால் 4.45க்கு எழும்போது தலை கனக்கும், நாளடைவில் அது இல்லாமல் கண் மூடாது. சத்து டானிக்கும் ரிப்போர்ட் பார்த்த பிறகுதான். கடையில் ஐந்து மணிக்குக் குடிக்கும் சாயாவை மட்டும் மதியத்துக்கு மாற்றுங்கள்.

யோகா, நடைப்பயிற்சி என்று புதிதாக எதையும் உங்கள் தலையில் ஏற்றப் போவதில்லை. மருத்துவரும் ஒரு வேலை கொடுத்தால் அந்த 18 மணி என்ன ஆகும்? குறைக்கத்தான் பார்க்கிறேன். மாமியாரின் மாத்திரைக்காக மாதம் ஒருமுறை வரிசையில் நிற்கிறீர்கள் என்றால், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வரும். ஊர் செவிலியரிடம் பெயர் கொடுங்கள். பிளஸ் ஒன் படிப்பவன் துணி காயப்போடலாம், தன் தட்டைக் கழுவலாம். படிப்பு கெட்டுவிடாது. ஆளுக்கொரு சமையல் என்றால் அதை நிறுத்துங்கள். கஞ்சியும் பயறும் ஒரு வேளைக்கு எல்லோருக்கும் போதும், சர்க்கரை உள்ள மாமியாருக்குப் பயறைக் கூட்டிக் கஞ்சியைக் குறையுங்கள்.

கணவரின் அழைப்பில் கை வைக்கத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். உங்களுக்கு இரவு 11 என்றால் அவருக்கு 8.30, அறைக்கு வந்து சாப்பிட்டுவிட்டு அழைக்கிறார். அவருக்கு விடுமுறை வெள்ளி, உங்களுக்கு ஞாயிறு. இருவருக்கும் பொதுவாக ஒரு நாள்கூட இல்லாமல் போனது உங்கள் குற்றமில்லை. மற்ற நாள்களில் குரல் செய்தி போதும் என்று பேசிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை நீங்கள் வீடு சேர்ந்து 8.30க்குப் பேசினால் அங்கே மாலை 6. பிள்ளைகளும் விழித்திருப்பார்கள்.

கடைதான் பெரிய முடிச்சு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இலேயே நாளுக்கு 8 மணி, வாரம் 48 மணி என்று வகுத்தது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 55 மணியோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். உங்களுடையது 57. முதலாளியோடு மோதுங்கள் என்று எழுதுவது எனக்குச் சுலபம். வேலை போனால் சம்பளம் தரப்போவது நானில்லை. உடன் வேலை பார்ப்பவர்களோடு சேர்ந்து ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள்: இரவுக் கணக்கை மறுநாள் காலை கடைக்கு வந்த பிறகு அனுப்புகிறோம் என்று.

ஹீமோகுளோபினுக்கும் தைராய்டுக்கும் வெறும் வயிறு வேண்டாம், சர்க்கரையையும் முதலில் சாப்பிட்ட நிலையிலேயே பார்க்கலாம். சாப்பாட்டு இடைவேளையில் கடைக்குப் பக்கத்து லேபில் இரத்தம் கொடுத்துவிடுங்கள். இதற்காக லீவு போட வேண்டாம்.