சோறு சேர்த்த ரொட்டி நடுவில் வேகவில்லையே, ஏன்?

கேள்வி: வீட்டில் தினமும் ஒரு கிண்ணம் சோறாவது சாமைச் சாதமாவது மிஞ்சிவிடுகிறது. 2 கப் மைதா, 2 கப் சோறு, முக்கால் கப் தண்ணீர், ஈஸ்ட் சேர்த்து ரொட்டி சுட்டேன். மாவு கையை விடவே இல்லை; எண்ணெய் தொட்டுத் தொட்டுப் பிசைந்தேன். மேலே நன்றாகச் சிவந்தது, ஆனால் நடுவில் களி. ஓடிஜி என்ற சின்ன மின்சார அடுப்பில்தான் சுடுகிறேன். எங்கே தவறு? மைதாவுக்குப் பதில் முழுக்கக் கோதுமை மாவு போடலாமா?
- வாசகி, மதுரை

பதில்: அடுப்பின் மேல் பழி போடாதீர்கள். கோளாறு தண்ணீர்க் கணக்கில் இருக்கிறது. 100 கிராம் அரிசி வெந்தால் 250 முதல் 300 கிராம் சோறாகும். அதாவது சோற்றின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். உங்கள் 2 கப் சோறு 300 கிராமுக்கு மேல் இருந்திருக்கும். அதற்குள்ளேயே 200 மில்லி தண்ணீர். நீங்கள் ஊற்றிய 180 மில்லியையும் கூட்டினால், 250 கிராம் மைதாவுக்கு 380 மில்லி. சோறு அந்தத் தண்ணீரை உடனே விடாது. பிசையப் பிசையத்தான் கசியும். அதனால்தான் முதலில் சரியாகத் தெரிந்த மாவு போகப் போக ஒட்டியது. போதாக்குறைக்கு, ரொட்டியை எழுப்பி நிறுத்தும் குளூட்டன் என்ற கோதுமைப் புரதம் சோற்றில் துளியும் கிடையாது. சாமை, வரகு, தினைக்கும் இதே கதைதான்.

மாவின் எடையில் பாதிக்கு மேல் சோறு வேண்டாம். முதல் தடவை மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 300 கிராம் மைதா, 100 கிராம் சோறு, 170 மில்லி தண்ணீர், 3 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் (ஒரு டீஸ்பூன்), 6 கிராம் உப்பு, ஒரு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய். தண்ணீரில் 30 மில்லியைத் தனியே எடுத்து வைத்து, கடைசியில் தேவைப்பட்டால் மட்டும் தெளியுங்கள். உப்புப் போட்டு வடித்த சோறானால் உப்பை 5 கிராமாக்குங்கள். கப்பை நம்பாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள்; குழைந்த சோறும் உதிரிச் சோறும் கப்பில் ஒரே எடை வராது.

ஃபிரிட்ஜில் விறைத்த சோற்றை அப்படியே போட்டால் பருக்கை பருக்கையாக நிற்கும். ஆவியில் சூடாக்கி, வெதுவெதுப்பாக ஆறவிட்டு, பாதியை மத்தால் மசித்துத் தண்ணீரோடு கரையுங்கள். சூட்டோடு சேர்த்தால் ஈஸ்ட் செத்துப்போகும். மசித்த சோறு ஈரத்தைப் பிடித்து வைப்பதால் ரொட்டி மறுநாளும் மெத்தென்றிருக்கும். ஜப்பானியப் பால் ரொட்டிக்குக் கொஞ்சம் மாவைக் கூழாகக் காய்ச்சிச் சேர்ப்பதும் இதற்காகத்தான். மீதிப் பாதியைப் பருக்கையாகவே, பிசைந்து முடித்த பிறகு மடித்துச் சேருங்கள். முன்பே போட்டால் குளூட்டன் இழைகளை அறுத்துவிடும்.

மாவைக் கலந்ததும் 20 நிமிடம் மூடி வையுங்கள். பிறகு 10 நிமிடம், உள்ளங்கையால் தள்ளி மடித்துப் பிசையுங்கள். ஒரு துண்டைக் கிள்ளி இழுத்தால் கிழியாமல் மெல்லிசாக விரிய வேண்டும். பிசைந்ததை மூடி வைத்தால் மதுரை வெயிலுக்கு முக்கால் மணி நேரத்திலேயே இரட்டிப்பாகிவிடும்; கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். காற்றை அமுக்கி, சுருட்டி, எண்ணெய் தடவிய எட்டரை அங்குல டின்னில் வையுங்கள். மேலே துருத்தும் பருக்கைகளை உள்ளே தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் சுட்டபின் பல்லைப் பதம் பார்க்கும். மறுபடி அரை மணி நேரம். விரலால் அழுத்தினால் குழி மெதுவாக எழும்பி வரவேண்டும். எழும்பாமலே நின்றால் அதிகம் புளித்துவிட்டது, உடனே அடுப்பில் வையுங்கள்.

ஓடிஜியை மேல் கீழ் இரண்டு கம்பியும் எரிய 200 டிகிரியில் 15 நிமிடம் சூடாக்கி, டின்னைக் கீழ்த்தட்டில் வைத்து 35 முதல் 40 நிமிடம் சுடுங்கள். மேலே சிவந்ததை வெந்ததென்று நம்பி எடுத்துவிடுவதுதான் நிறையப் பேர் செய்வது. 20 நிமிடத்தில் சிவந்துவிட்டால் அலுமினியத் தாளால் மூடிவிட்டுத் தொடருங்கள். கடைசி 5 நிமிடம் டின்னிலிருந்து கவிழ்த்து, வெறும் ரொட்டியாகச் சுடலாம். நடுவில் சூடு 96 டிகிரி வந்திருக்க வேண்டும். 2 மணி நேரம் ஆறாமல் வெட்டாதீர்கள். சூட்டோடு வெட்டினால் நன்றாக வெந்த ரொட்டியும் பிசின் பிடிக்கும்.

பழைய சோறு இதற்கு வேண்டாம். எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது என்று கணக்குக் கிடைக்காது. தவிர, அதை மோரும் வெங்காயமுமாகச் சாப்பிடுவதை விட்டுவிட்டு யாராவது ரொட்டி சுடுவார்களா! ராத்திரி முழுக்க வெளியே கிடந்த சோறும் கூடாது. அதில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் கிருமி விடும் நஞ்சுகளில் ஒன்று சூட்டுக்கு அழியாது, 200 டிகிரி அடுப்பானாலும். வடித்த 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளே பயன்படுத்துங்கள்.

இந்த ரொட்டியில் ஈரம் அதிகம். கோடையில் வெளியே ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். அழுகிய பழ வாசனை வந்து, பிய்த்தால் உள்ளே நூல் இழுத்தால் தூக்கிப் போடுங்கள். அதுவும் கிருமி வேலைதான். பிசையும்போது ஒரு டீஸ்பூன் வினிகர் சேர்த்தால் ஓரளவு தடுக்கும். மிச்சத்தைத் துண்டு போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் சீக்கிரம் வறண்டுவிடும்.

முழுக்கக் கோதுமை மாவு போட்டால் சோற்றோடு சேர்ந்து கனத்துப்போகும். பாதிக்குப் பாதி போடலாம். கோதுமை மாவு கூடுதலாக உறிஞ்சும் என்பதால், எடுத்து வைத்த அந்த 30 மில்லியும் அப்போது செலவாகிவிடும்.